ஜூன் மாதத்து மாம்பூ

அத்தியாயம் 6

மாட்டிக்கொண்டவர்கள் பொதுவாகக் கோப்பைத் தேடுவார்கள். கல்பனா தேடவில்லை. மைத்ரேயி நாற்காலியில் உட்காருவதற்குள் கோப்பு மேஜைக்கு வந்துவிட்டது. வேண்டிய பக்கத்தில் மஞ்சள் சீட்டு வேறு ஒட்டியிருந்தது.

இவ்வளவு தயாராக இருப்பவர்களை மைத்ரேயிக்குப் பிடிக்காது. இருந்தாலும் கொடுத்த மோரை வாங்கிக்கொண்டாள்.

ராமகுப்பத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது சென்னம்மா ஸ்பன் மில். பட்டுக்கூட்டில் நல்ல இழையை உருவிய பிறகு மிஞ்சும் கழிவை நூலாக்கி, கெட்டித் துணி நெய்யும் சின்ன ஆலை. பதினெட்டுத் தறிகள். அங்கே நெய்யும் துணியை யாரும் உடுத்துவதில்லை. அது வேறு ஊரில் பையாகத் தைக்கப்படும். பையில் வெடிமருந்து நிரம்பும். பை பீரங்கிக்குள் போகும்.

பட்டுதான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பீரங்கியைச் சுடும்போது பட்டுப் பை சுத்தமாக எரிந்து பொடியாகிவிடும். கலப்படத் துணி அப்படி எரியாது. கங்கு மிஞ்சும். அடுத்த பையை உள்ளே தள்ளும் கைக்காக அந்தக் கங்கு காத்திருக்கும்.

போன மாதம் காத்திருந்தது. வடக்கே ஒரு பயிற்சி மைதானத்தில் தேவேந்திரன் என்ற பீரங்கி வீரனின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. பை தைத்த துணி கல்பனாவின் ஆலையில் நெய்த பதினாலாம் லாட். 'உங்களை ஏன் தடைப்பட்டியலில் சேர்க்கக் கூடாது?' என்று கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும். அன்று புதன்.

"என் துணி சுத்தமான பட்டு மேடம்," என்றாள் கல்பனா. நாற்பது வயது. பெற்றோர் மல்பெரி இலை பறிக்கக் கூலிக்குப் போன அதே தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆலை கட்டியவள். "தப்பு எங்க நடந்துச்சின்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. இதப் பாருங்க."

மஞ்சள் சீட்டுப் பக்கத்தில் ஒரு வண்ணப்படம். பதினாலாம் லாட்டைச் சோதிக்க வந்த ஆய்வாளர் எடுத்து, ராணுவக் கொள்முதல் இணையதளத்தில் ஏற்றியது. ஜன்னலோரம் விரித்துவைத்த துணிச்சுருள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரம். கீழ் மூலையில் தேதி, நேரம், இடத்தின் குறியீட்டு எண்கள். போன வருடம் ஜூன் 11, காலை 11.20.

"இந்த இன்ஸ்பெக்டர் சம்பத்குமார் அன்னிக்கி மில்லுக்கு வரவே இல்ல. திருப்பதில அவரு வூட்ல உக்காந்துக்கினே ஏதோ ஒரு படத்த ஏத்திட்டாரு. ஆய்வே நடக்கலன்னா எரிஞ்சது என் துணின்னு எப்படிச் சொல்வாங்க? நடுவுல தையல் யூனிட்ல எவனாவது மாத்தியிருப்பான். நீங்க அந்த டிபார்ட்மென்ட்ல இருந்தவங்க. ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தா உங்க பேச்ச மதிப்பாங்க."

மைத்ரேயி அந்தத் துறையில் இருந்தவள்தான். ராணுவத் தளவாடங்களைச் சோதிக்கும் பிரிவில் பத்தொன்பது வருடம். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சொந்த ஊரான திருப்பதியில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருடமாகிறது. அவளுடைய உதவியாளன் துலுக்காணம், குப்பம் ஊரை ஒட்டிய எல்லைக் கிராமத்துக்காரன். பீரங்கிப் படையில் பதினேழு வருடம் இருந்து, இடது காதின் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். வாயை மட்டும் முழுசாகக் கொண்டுவந்திருந்தான்.

அவன் இப்போது படத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் அதே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

"மேடம், ஜூன் மாசத்துல மாமரம் பூக்குமா?"

மைத்ரேயி படத்தை அருகில் இழுத்தாள். படத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தில் இலையே தெரியாத அளவுக்குப் பூ.

"வருஷத்துல ரெண்டு தடவை பூக்கிற ஜாதியும் இருக்கே?"

"அது புனாசா. இது கிளிமூக்கு. தோ, வெளிய நிக்கற மரத்துல பிஞ்சிலயே மூக்கு வளைஞ்சிக்கினு கீது பாருங்க. எங்க நைனா பங்காருபாளையம் மண்டிக்கு இருவது வருசம் மாங்கா ஏத்தினவரு. கிளிமூக்கு தை மாசம் பூக்கும், ஜூன்ல காயாத் தொங்கும். ஜூன்ல பூ வேணும்னா சாமந்தி வாங்கிக் கட்டித்தான் வுடணும்."

"அதான் மேடம் நானும் சொல்றேன்!" என்றாள் கல்பனா. "பழைய படம். பச்சையா ஏமாத்தியிருக்காரு."

அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. பரீட்சையில் எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டவளின் குரல்.

*

பழைய ஆல்ட்டோ பலமநேர் தாண்டும்வரை மைத்ரேயி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மடியில் படத்தின் பிரதி. கையில் பூதக்கண்ணாடி.

"அந்தம்மா சொல்றது சரிதான மேடம்? இன்ஸ்பெக்டரு ஏமாத்திட்டாரு. கேசு முடிஞ்சிது. எதுனா துன்னுட்டுப் போலாம்."

"கேஸ் நம்ம கைக்கு வரும்போதே முடிஞ்சுதான் வந்திருக்கு. அதுதான் எனக்கு உறுத்தறது. ஓரமா நிறுத்துங்க."

சாலையோரப் புளியமரத்தடியில் வண்டி நின்றது. பூதக்கண்ணாடியை அவனிடம் கொடுத்தாள். "மேல் மூலையைப் பாருங்க. மரத்துக்கு மேல, ஆகாசத்துல."

பார்த்தான். கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தான்.

"ஆகாசத்துல ஸ்டேப்ளர் பின்னு குத்தியிருக்குது மேடம். மேகம் பறந்து போவாம இருக்கவா?"

"இது படத்தை எடுத்த படம். கோப்புல பின் அடிச்சு வெச்சிருந்த பழைய படத்தை வெச்சு, அது மேல போனைப் பிடிச்சுப் படம் எடுத்திருக்கார்."

"அதாவது வூட்ல உக்காந்துக்கினு."

"அங்கேதான் இடிக்கிறது." மைத்ரேயி தன் போனில் அந்தக் குறியீட்டு எண்களைத் தட்டினாள். வரைபடம் நகர்ந்து, விரிந்து, மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு தகரக் கூரையில் வந்து நின்றது. சென்னம்மா ஸ்பன் மில். "ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருக்கிற செயலி பழைய படத்தை வாங்கிக்காது. அங்கேயே, அப்பவே எடுத்தாதான் ஏறும். போன் எந்த இடத்துல இருக்கோ அந்த எண்தான் படத்துல விழும். ஜூன் பதினொண்ணு காலைல அந்த மனுஷர் அந்த மில்லுக்குள்ளேதான் நின்னிருக்கார்."

துலுக்காணம் படத்தை மறுபடி கண்ணருகே கொண்டுபோனான்.

"வராதவன் பொய்ப் படம் போடலாம்," என்றாள் மைத்ரேயி. "அவ்வளவு தூரம் வந்தவன், துணி கண்ணுக்கு முன்னாடி கிடக்கறப்போ, அதை விட்டுட்டுப் பழைய படத்தை எதுக்கு எடுக்கணும்? இன்னொண்ணு. அவர் வரவே இல்லைன்னு கல்பனா எதுக்கு நம்மகிட்ட சொல்லணும்?"

"நம்மளப் பூனையாக்கி எலி மேல வுட்ருக்குது அந்தம்மா."

"எலி யாருங்கறதுதான் தெரியணும்."

வண்டி மறுபடி கிளம்பியது. பங்காருபாளையத்தில் இட்லி வாங்கி வண்டியிலேயே தின்றார்கள்.

"உங்க ஆபீசுல இருக்கச்சொல்லோ இத்தெல்லாம் உண்டா மேடம்? செயலி, ஆகாசத்துலேர்ந்து பாக்கற நம்பரு?"

"அப்போ வேற. முதல்ல, விலை யார் குறைச்சுச் சொல்றானோ அவனுக்கே ஆர்டர்னு இருந்தது. அப்புறம் பீரங்கி வாங்கினதுல ஊழல் வெடிச்சு, தரகர்களே கூடாதுன்னு ஆச்சு. கார்கில் முடிஞ்ச பிறகு, ரெண்டாயிரத்து ரெண்டுல, ஆயுதக் கொள்முதலுக்குன்னு தனிக் கையேடே போட்டாங்க. அதையும் எத்தனையோ தடவை திருத்தியாச்சு. லஞ்சம் தர மாட்டேன்னு நேர்மை ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கினாங்க. அப்புறம் ஆன்லைன் டெண்டர், போட்டி போட்டு விலையைக் குறைக்கிற இறங்கு ஏலம், நல்ல பேர் வாங்கின கம்பெனி தன் சரக்குக்குத் தானே கொடுத்துக்கற சுயச் சான்று."

"எங்க ஊர்ல ஒர்த்தன் கீறான் மேடம். வூட்டுக்கு ஆறு பூட்டு. திருடன் கூரயப் பிரிச்சிக்கினு எறங்கினான். மறுநாளே போய் அவன் ஏழாவது பூட்டு வாங்கிக்கினு வந்தான். கூரயப் பத்திப் பேசவே இல்ல."

மைத்ரேயி சிரித்தாள். "அப்படியே தள்ளிடவும் முடியாது. இந்தச் சீர்திருத்தம் வரலேன்னா, சின்ன ஆலைக்கும் பெண் முதலாளிக்கும்னு பங்கு ஒதுக்கலேன்னா, கல்பனா ராணுவத்துக்குத் துணி கொடுக்கிறதை யார் நினைச்சுப் பார்த்திருப்பா? என் காலத்துல நாலு பெரிய கம்பெனிக்காரங்கதான் மாறி மாறி எடுத்தாங்க. அவங்க துணியும் சொக்கத் தங்கம் இல்லை."

"அப்ப சீர்திருத்தம் நல்லதா, கெட்டதா?"

"சம்பத்குமாரைக் கேட்போம்."

*

கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால், வண்டி நுழையாத ஒரு சந்தில் இருந்தது சம்பத்குமாரின் வீடு. கதவைத் திறந்த அவர் மனைவி பத்மினி, மைத்ரேயியின் பெயரைக் கேட்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அவர் ஆத்துல இல்லையே. கோயிலுக்குப் போயிருக்கார். வர நாழியாகும்."

துலுக்காணம் பணிவாகத் தலையாட்டியபடியே கோப்பில் இருந்த சம்பத்குமாரின் எண்ணைத் தன் போனில் அழுத்தினான். வீட்டுக்குள் எங்கேயோ சுப்ரபாதம் ஒலித்தது. சட்டென்று நின்றது.

"கோயில் கிட்டக்கதான் போல," என்றான் துலுக்காணம்.

உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "உள்ளே விடு பத்மினி. இன்னிக்கில்லேன்னா நாளைக்கு யாரானும் வரத்தான் போறா."

சம்பத்குமாருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். நெற்றியில் திருமண் இன்னும் ஈரமாக இருந்தது. ராணுவத்துக்காகச் சோதனை செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்து, எட்டு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டவர். இப்போது கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறார்.

மைத்ரேயி படத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. மாம்பூவை மட்டும் பார்த்தார்.

"கண்டுபிடிச்சுட்டேளா?" என்றார். குரலில் பயம் இல்லை. அவள் எதிர்பாராத ஏதோ ஒன்று இருந்தது. நிம்மதி.

"ஜனவரி மாசத்துப் படம். ஜூன்ல அங்கேயே நின்னுண்டு இதைப் படம் எடுத்திருக்கேள். ஏன்?"

"யாரானும் பார்ப்பான்னுதான்."

"புரியலை."

அவர் எழுந்து உள்ளே போனார். பத்மினி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த சம்பத்குமார் கையில் ஒரு பழுப்புக் காகித உறை. உறையின் வாய் அரக்கு வைத்து மூடியிருந்தது. அரக்குக்குக் குறுக்கே இரண்டு கையெழுத்துகள். ஒன்று அவருடையது. இன்னொன்று கல்பனாவுடையது. தேதி, ஜூன் 11.

"அந்தப் பொண்ணு நன்னா நெய்யறவ. ஜனவரியில போனப்போ துணி அப்படியே தங்கம். ஜூன்ல போய்த் துணியைத் தொட்டேன். தொட்டதுமே கைக்குத் தெரிஞ்சுடுத்து. வழவழன்னு இருந்தது. கொஞ்சம் கிழிச்சு நெருப்புல காட்டினேன். கலப்படம். அவ எதிர்க்கவே உறையில போட்டு, அவகிட்டயே கையெழுத்து வாங்கினேன். மறுக்காமப் போட்டா. முகத்தைப் பார்க்கச் சகிக்கலை."

"அப்போ நிராகரிச்சிருக்கணுமே?"

"நிராகரிக்கப் பட்டன் இல்லையேம்மா."

சம்பத்குமார் தன் போனை எடுத்து, வெறும் திரையில் ஒரு விரலை ஊன்றிக் காட்டினார்.

"அவ மில் நல்ல பேர் வாங்கினது. சுயச் சான்று அந்தஸ்து வந்துடுத்து. அப்படிப்பட்ட கம்பெனிக்கு ஆய்வாளர் வெறும் சாட்சி. 'பார்வையிட்டேன்'னு ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தாம வெளியில வரவும் முடியாது. மேலதிகாரிக்கு போன் பண்ணினேன். 'சப்ளை தேதி தள்ளிப்போனா நமக்குத்தான் கெட்ட பேர், படத்தை ஏத்திட்டு வாங்கோ'ன்னார். எழுதிக் கொடுத்தா வேலை போயிடும். அதனால மில் கோப்புல இருந்த ஜனவரிப் படத்தை வெச்சுப் படம் எடுத்தேன். ஜூன்ல மாம்பூ. எந்த முட்டாளுக்கும் கண்ணுல படுமேன்னு நினைச்சேன். பார்த்தவா ஒருத்தர் 'இதென்ன?'ன்னு கேட்டா, உறையை எடுத்து நீட்டிடலாம்னு இருந்தேன்."

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

"தளத்துல அஞ்சு ஒப்புதல் இருக்கு. அஞ்சு பேரும் பச்சை டிக் போட்டுட்டா." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "ஒருத்தரும் படத்தைப் பார்க்கலை."

துலுக்காணம் மெதுவாகக் கேட்டான். "அந்தப் பையனுக்குக் கை வெந்து போச்சி சாமி. நீங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்," என்றார் சம்பத்குமார்.

மைத்ரேயி உறையைப் பிரித்தாள். கொல்லைப்புறத்துத் துவைகல்லில் துணியிலிருந்து ஒரு விரலகலம் கிழித்து வைத்தாள். மீதியை உறையிலேயே போட்டு, கிழித்ததைப் பார்த்ததற்கு மூவரும் கையெழுத்திட்டார்கள். தீக்குச்சி உரசினாள். முதலில் முடி பொசுங்கும் வாடை. அது பட்டு. அதன் பின்னாலேயே கரும்புகையும், பிளாஸ்டிக் எரியும் தித்திப்பு வாடையும். நெருப்பு அணைந்ததும் விரலால் தேய்த்தாள். பட்டுச் சாம்பல் பொடியாக உதிர்ந்தது. அதற்குள்ளிருந்து மிளகளவு ஒரு கறுப்பு மணி உருண்டது. இன்னும் சுட்டது.

"பீரங்கிக்குள்ள இதான் மேடம் ஒக்காந்துக்கினு இருந்திருக்கும்," என்றான் துலுக்காணம்.

சம்பத்குமார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னொண்ணு சொல்லணும். அன்னிக்கு கோடவுன்ல அந்த நூல் மூட்டை மூட்டையா இருந்தது. பதினாலாம் லாட்டோட முடிஞ்சிருக்காது. பதினஞ்சும் பதினாறும் அதே நூலாத்தான் இருக்கணும்."

மைத்ரேயி கோப்பைப் புரட்டினாள். நோட்டீஸ் பதினாலாம் லாட்டை மட்டுமே நிறுத்தியிருந்தது. மற்ற இரண்டும் பையாகத் தைக்கப்பட்டு, மருந்து நிரம்பி, படைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

துலுக்காணம் வெளியே போய், தன்னுடைய பழைய படைப்பிரிவு நண்பன் ஒருவனுக்கு போன் செய்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

"அந்த ரெண்டு லாட்டத்தான் சனிக்கிழமை காலைல பயிற்சில சுடப் போறாங்க மேடம். இன்னும் மூணு நாளுதான்."

*

"நாமளே புகார் அனுப்பினா என்ன மேடம்?" வியாழக்கிழமை காலை, ராமகுப்பம் போகும் வழியில் கேட்டான்.

"நேத்தே அனுப்பிட்டேன். 'பெறப்பட்டது, பதினஞ்சு வேலை நாளுக்குள் பரிசீலிக்கப்படும்'னு பதில் வந்தது. தெரிஞ்ச ரெண்டு பேருக்கு போனும் பண்ணினேன். எழுத்துல வேணும்கறாங்க. அந்த அஞ்சு மேஜையைத் தாண்டாம ஒரு லாட்டை உடனே நிறுத்த ஒரே ஆளாலதான் முடியும். துணி கொடுத்தவங்க. 'என் சரக்கைத் திரும்பப் பெறுகிறேன்'னு அவங்களே அழுத்தினா அந்த நிமிஷமே நாடு முழுக்க முடங்கிடும். இந்தச் சீர்திருத்தத்துல உருப்படியா வேலை செய்யற பட்டன் அது."

"அந்தம்மா அழுத்துமா? அழுத்தினா மில்லு காலி."

மைத்ரேயி திரும்பிப் பார்த்தாள். பின் இருக்கையில் சம்பத்குமார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விடிந்ததும் உறையோடு வந்து அவராகவே வண்டியில் ஏறியிருந்தார்.

கல்பனா ஆலை வாசலுக்கே வந்தாள். "ரிப்போர்ட் ரெடியா மேடம்?" என்று சிரித்தபடி கேட்டாள். பின் கதவு திறந்து சம்பத்குமார் இறங்கினார். சிரிப்பு நின்றது.

அவர் வாயைத் திறக்கமாட்டார் என்பதுதான் அவளுடைய கணக்கு. திறந்தால் அவருடைய தப்பும் வெளியே வருமே.

அலுவலக அறையில் உறையை மேஜை மேல் வைத்தாள் மைத்ரேயி. கல்பனா தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கூடத்தில் தறிகள் அதிர்ந்துகொண்டிருந்தன.

"அஞ்சு வருசம் சுத்தமாத்தான் குடுத்தேன்," என்றாள் கடைசியில். "சாமி சத்தியமா. போன வருசம் இறங்கு ஏலம். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கினு இருக்கேன். எவனோ கொறைக்கறான். நானும் கொறைக்கறேன். அவன் யாருன்னும் தெரியாது, எங்க இருக்கான்னும் தெரியாது. மணி முடியறப்ப நான்தான் ஜெயிச்சேன். இங்க எல்லாரும் லட்டு துன்னாங்க. மறுநாளு கணக்குப் போட்டுப் பாத்தா, அந்த விலைக்குப் பட்டுக் கழிவே வாங்க முடியாது. பின்வாங்கினா மூணு வருசம் டெண்டர் பக்கம் போக முடியாது. நாப்பது பொம்பளைங்க வேலை. பத்துல மூணு பங்குதான் கலந்தேன் மேடம். பயிற்சிக்குத்தான போவுதுன்னு நெனச்சேன். நெசமான சண்டைக்கு இல்லியேன்னு."

"பயிற்சில பையத் தள்றவன் யாருன்னு தெரியுமாம்மா?" என்றான் துலுக்காணம். இந்த முறை அவன் கிண்டல் செய்யவில்லை. "புதுசா வந்தவன். அவனத்தான் அங்க நிக்க வெப்பாங்க. நானும் நின்னேன். உள்ள கங்கு இருக்குதா இல்லியான்னு அவனுக்குத் தெரியாது. துணி பட்டுன்னு நம்பித்தான் கைய வுடறான்."

"பதினஞ்சும் பதினாறும் நாளன்னிக்குக் காலைல சுடப் போறாங்க," என்றாள் மைத்ரேயி. "உங்களால நிறுத்த முடியும். எங்களால முடியாது."

கல்பனா சம்பத்குமாரைப் பார்த்தாள். "நீங்க ஏன் சார் அன்னிக்கே என்னை மாட்டி வுடல?"

"பயந்துட்டேம்மா," என்றார் அவர். "நீ பண்ணினதை நானும் சேர்ந்துதான் பண்ணியிருக்கேன். இங்கேயே உட்கார்ந்து எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கப் போறேன். நீ அழுத்தினாலும் அழுத்தாட்டாலும்."

மடிக்கணினி திறந்தது. அவளே தளத்துக்குள் போனாள். லாட் எண்களைத் தட்டினாள். காரணம் கேட்ட கட்டத்தில் 'கலப்பட நூல்' என்று எழுதினாள். ஆறு இலக்க எண் அவளுடைய போனுக்கு வந்தது. மூன்று நிமிடத்துக்குள் அதைத் தட்ட வேண்டும்.

அவள் தட்டவில்லை.

திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. துலுக்காணம் முன்னால் ஓரடி வைத்தான். மைத்ரேயி கையை நீட்டித் தடுத்தாள். எண் காலாவதியானது.

கல்பனா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'மறுபடி அனுப்பு' என்ற இடத்தை அழுத்தினாள். இந்த முறை எண் வந்த வேகத்திலேயே தட்டினாள்.

திரை சிவப்பானது. இரண்டு லாட்டுகளும் முடக்கம். நாலு நிமிடத்தில் அவள் போன் அடித்தது. வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் இந்தியில் கத்தினார். அவள் எல்லாவற்றுக்கும் "ஹாஞ்சி" என்றாள். பத்து நிமிடத்தில் துலுக்காணத்தின் நண்பனிடமிருந்து ஒரு வரி வந்தது. பைகளைத் திரும்ப லாரியில் ஏற்றுகிறார்கள்.

கல்பனா எழுந்து தறிக்கூடத்துக்குப் போனாள். மற்ற மூவரும் பின்னால் போனார்கள். அவள் நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். பதினெட்டுத் தறிகளும் ஒவ்வொன்றாக அடங்கின. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நூலு நல்ல நூலு இல்ல," என்றாள் கல்பனா. "பாலியஸ்டர் கலந்தது. நாந்தான் தெரிஞ்சே வாங்கினேன். ஒரு பையனுக்குக் கை போச்சி. மில்ல மூடிடுவாங்க."

முதல் தறியில் இருந்த லட்சுமம்மா நூற்கட்டையைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனாள். முப்பது வருடம் பட்டுக் கழிவோடு புழங்கிய மூக்கு.

"எங்களுக்குத் தெரியும் கண்ணு," என்றாள். "பட்டுன்னா புழு வாடை அடிக்கும். வூட்டுக்குப் போய் எத்தினி தபா குளிச்சாலும் போவாது. ஒரு வருசமா ஒரு தபா குளிச்சாலே அந்த வாடை போயிடுது."

மைத்ரேயி அவளைப் பார்த்தாள். "அப்போ யார்கிட்டயும் ஏன் சொல்லலை?"

லட்சுமம்மா நூற்கட்டையைத் தறி மேல் வைத்தாள்.

"எத்தினியோ ஆபீசருங்க வந்தாங்க, போனாங்க. போட்டோ புடிச்சாங்க. எங்கள எவன் கேட்டான்?"